பயனர் ஏற்றும் வீடியோக்களுக்கு நியாயமான வேலை வரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயனர்கள் வீடியோ ஏற்றும் தளம் கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம். வொர்க்கர்கள், அதாவது வீடியோவை மாற்றும் நிரல்கள், 4. ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். ஒரு வீடியோவை 1080, 720, 360 என்று மூன்று அளவில் மாற்ற, அதன் நீளத்தில் பாதி நேரம் ஆகும். உங்கள் மெஷினில் இந்த விகிதம் வேறாக இருக்கும். அளந்து பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. வந்த வரிசைப்படி எடுத்தா அதுதானே நியாயம்? முதல்ல வந்தவருக்கு முதல்ல.

டிக்கெட் கவுன்டரில் அது நியாயம்தான். அங்கே ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வீடியோ வரிசையில் அப்படி இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று, 10 நிமிட வீடியோக்கள் 200-ஐ ஒரே மூச்சில் ஏற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். மொத்தம் 1000 மெஷின் நிமிடம், அதாவது ஒரே வொர்க்கர் செய்தால் 1000 நிமிடம். 4 வொர்க்கர் பகிர்ந்தால் 250 நிமிடம், அதாவது 4 மணி 10 நிமிடம். அடுத்த நொடியில் ஒரு மாணவி 40 நொடி வீடியோ ஒன்றை ஏற்றுகிறார். அதற்கு 20 நொடி வேலைதான். அதற்காக நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறார்.

ஸ்டுடியோ எந்தத் தவறும் செய்யவில்லை. வேலைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு ஆட்களை மறந்ததுதான் பிழை.

2. சரி, ஆளுக்கு ஒரு வரிசை வெச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணொண்ணா எடுத்துச் சுத்தி வந்தா போதுமா?

பெரும்பங்கு குறை இதிலேயே தீர்ந்துவிடும். அந்த மாணவி ஏதாவது ஒரு வொர்க்கர் காலியாகும்வரை காத்திருந்தால் போதும். அதிகபட்சம் 5 நிமிடம். ஆனால் மூன்றாவதாக ஒருவர் 2 மணி நேர விரிவுரைகள் மூன்றை ஏற்றினால் கணக்கு கெடும். ஒரு சுற்றில் ஸ்டுடியோவுக்குக் கிடைப்பது 5 நிமிடம், விரிவுரைக்காரருக்குக் கிடைப்பது 60 நிமிடம். எண்ணிக்கையில் சமம், நேரத்தில் 12 மடங்கு வித்தியாசம்.

இதே சிக்கல் நெட்வொர்க் உலகில் முன்பே வந்தது. ஜான் நேகிள் 1985-இல் ஆர்எஃப்சி 970 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில், ஒவ்வொரு கணினிக்கும் தனி வரிசை வைத்துப் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) சுற்று முறையில் அனுப்பச் சொன்னார். பெரிய பாக்கெட் அனுப்புகிறவர் அதிகம் பெற்றுவிடுவார் என்று காட்டி, 1989-இல் டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் மூவரும் அளவையும் கணக்கில் சேர்த்தார்கள். அங்கே பைட், இங்கே மெஷின் நொடி. பங்கு போட வேண்டியது அதைத்தான்.

3. மெஷின் நொடியை வெச்சு எப்படிப் பங்கு போடுறது?

இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ஸ்ரீதரும் வர்கீஸும் 1995-இல் வெளியிட்ட டெஃபிசிட் ரவுண்ட் ராபின். பந்தி பரிமாறுவது போன்றது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோர் கணக்கிலும் ஒரே அளவு, உதாரணமாக 300 நொடி, வரவு வைக்கப்படும். வரிசையின் தலையில் நிற்கும் வேலைக்கு அந்த வரவு போதுமானால் ஓடும், வரவு கழியும். போதாவிட்டால் அடுத்த சுற்றுக்குச் சேரும். ஸ்டுடியோவின் வேலை 300 நொடி; சுற்றுக்கு ஒன்று ஓடும். விரிவுரை 3600 நொடி. 12-வது சுற்றில் ஓடும். வரிசை காலியானால் மீதி வரவைப் பூஜ்யமாக்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டக் கணக்கு. பயனருக்கு ஒரே ஓர் எண்: இதுவரை அவருக்காகச் செலவான மெஷின் நொடி. காத்திருப்பவர்களில் எவருடைய எண் மிகக் குறைவோ அவருடைய வேலையை எடு. செலவை அவர் எண்ணில் கூட்டு. அவ்வளவுதான். பல வொர்க்கர்கள் ஒரே டேட்டாபேஸிலிருந்து வேலை எடுக்கும் இடத்தில் இதுவே எளிது. சுற்று எங்கே நிற்கிறது என்று யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த முறையை வைத்தே.

4. ஒருத்தர் ஒரு மாசம் கழிச்சு வந்தா அவர் எண் ரொம்பக் கம்மியா இருக்குமே?

இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் நியாய வரிசையே ஆளை விழுங்கும். இப்போது வேலை நடக்கும் பயனர்களின் எண்கள் 90,000 வாக்கில் இருக்கின்றன என்று வையுங்கள். பழைய பயனர் 400-உடன் வந்து ஆயிரம் வீடியோ ஏற்றுகிறார். அவர் எண் மற்றவர்களை எட்டும்வரை, அதாவது 89,600 மெஷின் நொடிக்கு, வேறு யாருக்கும் வாய்ப்பே வராது. 4 வொர்க்கரில் அது ஆறு மணி நேரத்துக்கும் மேல்.

தீர்வு ஒரு வரி. காலியாக இருந்த வரிசையில் புதிதாக வேலை விழும்போது, அந்தப் பயனரின் எண்ணை அப்போது காத்திருப்பவர்களின் எண்களில் மிகச் சிறியதற்கு உயர்த்துங்கள். ஏற்கெனவே அதைவிடப் பெரிதாக இருந்தால் தொடாதீர்கள். குறைத்துவிட்டால், வரிசையைக் காலிசெய்துவிட்டுத் திரும்ப ஏற்றுகிறவர் பழைய செலவிலிருந்து தப்பிவிடுவார். யாருமே காத்திருக்காத நேரத்துக்காக, கடைசியாக எடுத்த வேலையின் பயனருக்கு அப்போது இருந்த எண்ணைப் பொதுவாக ஓரிடத்தில் எழுதி வையுங்கள்.

5. செலவை எப்போ ஏத்தணும்? முடிஞ்ச பிறகுதானே சரியான நொடி தெரியும்?

எடுக்கும்போதே ஏற்றுங்கள். முடிந்த பிறகு ஏற்றினால், முதல் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பயனரின் எண் மாறாமல் அப்படியே குறைவாக நிற்கும். மீதி மூன்று வொர்க்கர்களும் அவரிடமே போகும். நியாயம் என்று எழுதிய நிரலில் நாலு வொர்க்கரும் ஒருவருக்கே உழைப்பதைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எடுக்கும்போது மதிப்பீடு, முடிந்ததும் திருத்தம். 300 என்று ஏற்றி 340 ஆனால் 40 கூட்டுங்கள். 250-இல் முடிந்தால் 50 கழியுங்கள். மெஷின் செத்துப் பாதியில் நின்றால் முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். அது பயனரின் குற்றம் இல்லை.

6. மதிப்பீட்டுக்கு ஃபைல் சைஸ் போதாதா?

போதாது, ஏமாற்றும். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 60 ஃப்ரேம் எடுத்தால் ஒரு நிமிடமே சுமார் 400 எம்பி. ஒரு மணி நேரத் திரைப்பதிவு அதைவிடச் சின்னதாக வரலாம். சைஸை நம்பினால் நிமிட வீடியோக்காரர் தண்டிக்கப்படுவார், மணி நேரக்காரர் இலவசமாகப் போவார்.

வீடியோவின் விவரங்களைப் படித்துச் சொல்லும் எஃப்எஃப்ப்ரோப் கருவி தரும் நீளம், அகலம், உயரம், ஃப்ரேம் வேகம், கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஆகிய ஐந்தையும் எடுங்கள். செலவு இரண்டு துண்டு. முதலாவது டீகோடிங், அதாவது சுருக்கிய மூலத்தைப் படமாக விரிப்பது: மூல வீடியோவின் மொத்தப் பிக்சல் எண்ணிக்கை பெருக்கல் அந்தக் கோடெக்குக்கான குணகம். இரண்டாவது என்கோடிங், அதாவது புது அளவில் திரும்பச் சுருக்குவது: வெளியீடு ஒவ்வொன்றின் பிக்சல் எண்ணிக்கை பெருக்கல் அதன் குணகம். 4கே மூலத்துக்கு 1080-ஐப் போல 4 மடங்கு பிக்சல் இருந்தாலும், வெளியீடுகள் அதே மூன்றுதான் என்பதால் மொத்தச் செலவு 4 மடங்காகாது. சில நூறு வேலைகளின் உண்மை நேரத்தை வைத்துக் குணகங்களைப் பொருத்தினால் வரிசைக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும்; மிச்சத்தை 5-ஆம் பதிலின் திருத்தம் பார்த்துக்கொள்ளும்.

ஃபைல் தலைப்பில் எழுதியிருப்பதை முழுதாக நம்ப வேண்டாம். குரோமில் நேரடியாகப் பதிவாகும் வெப்எம் ஃபைல்களில் நீளமே எழுதப்படாமல் வருவது வழக்கம். அப்போது ஃபைலில் இருக்கும் தரவுத் துண்டுகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்துத்தான் நீளம் தெரியும். ஆகவே இந்தச் சோதனையையே தனிச் சின்ன வேலையாக வைத்து, நேர வரம்பும் போடுங்கள். மதிப்பீட்டின் 3 மடங்கைத் தாண்டி ஓடும் எந்த வேலையையும் நிறுத்துங்கள்.

7. எல்லாம் செஞ்சாச்சு. ஆனாலும் சில நேரம் 40 நொடி வீடியோ ஒரு மணி நேரம் காத்திருக்கே?

நாலு பேரின் நாலு விரிவுரைகள் நாலு வொர்க்கரையும் பிடித்திருக்கும். வரிசை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஓடுகிற வேலையைப் பாதியில் இறக்க அதனால் முடியாது. வேலையைச் சின்னதாக்குவதுதான் வழி. 2 மணி நேர வீடியோவை 60 நொடித் துண்டுகளாக வெட்டினால் 120 துண்டு. துண்டுக்கு 30 நொடி வேலை. புதிதாக வருகிறவர் ஒரு வொர்க்கர் காலியாக அதிகபட்சம் 30 நொடி காத்திருப்பார். விரிவுரைக்காரருக்கும் லாபம் உண்டு: கூட்டம் இல்லாத நேரத்தில் அவருடைய துண்டுகள் நாலு வொர்க்கரிலும் ஓடி, ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடியும்.

வெட்டுவதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். மறு என்கோடிங் இல்லாமல் வெட்டினால் கீ ஃப்ரேம் (மற்ற ஃப்ரேம்களைச் சாராமல் முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேம்) இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும். எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடரின் இயல்பு அமைப்பில் கீ ஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை போகலாம். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 நொடி. துண்டுகள் சரியாக 60 நொடி இருக்காது. இருக்கும் என்று நம்பி நேரத்தைக் கணக்கிட்டு ஒட்டினால் படமும் ஒலியும் விலகும். இரண்டாவது, ஒலியைத் துண்டாக்கவே கூடாது. ஏஏசி என்ற ஒலி வடிவத்தின் என்கோடர் தொடக்கத்தில் சில சாம்பிள்களை நிரப்பியாகச் சேர்க்கும். துண்டுக்குத் துண்டு ஒட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். ஒலி முழுவதையும் ஒரே வேலையாக மாற்றிக் கடைசியில் சேருங்கள். மூன்றாவது, எல்லாத் துண்டுகளும் முடிந்த பிறகே ஒட்டும் வேலை வரிசைக்கு வர வேண்டும். வொர்க்கரில் உட்கார்ந்தபடி துண்டுகளுக்குக் காத்திருந்தால், நாலு ஒட்டும் வேலைகள் நாலு வொர்க்கரையும் பிடித்துக்கொண்டு யாரும் நகர முடியாமல் நின்றுவிடும்.

5 நிமிடத்துக்குக் குறைந்த வீடியோவை வெட்டாதீர்கள். வெட்டி ஒட்டும் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. வெட்டும் வசதி இன்னும் கட்டவில்லையா? அதுவரை ஒரு வொர்க்கரைச் சின்ன வேலைகளுக்கென்றே ஒதுக்குங்கள். திறனில் கால் பங்கு சில நேரம் சும்மா இருக்கும் என்பது அதன் விலை.

8. ஒருத்தருக்கு ஒரே நேரத்துல 2 வேலைன்னு வரம்பு வெச்சா இவ்வளவு சிக்கல் வேண்டாமே?

நள்ளிரவில் ஸ்டுடியோ மட்டும் இருக்கும்போது 2 வொர்க்கர் சும்மா நிற்கும். 250 நிமிடத்தில் முடிய வேண்டியது 500 நிமிடம் ஆகும். அதனால் யாருக்கும் நன்மை இல்லை. ஓட்டக் கணக்கில் வேறு ஆள் வராதவரை முழுத் திறனும் இருப்பவருக்கே போகும். வந்த உடனே பங்கு மாறும். வரம்பை டிஸ்க் இடத்துக்கும், ஒருவர் வரிசையில் போட்டு வைக்கும் மொத்த மணி நேரத்துக்கும் வையுங்கள்.

9. பணம் கட்டுறவங்களை முன்னாடி விடணும். எப்படி?

எடை கொடுங்கள். கட்டணப் பயனருக்கு எடை 3 என்றால், 300 நொடி வேலைக்கு அவர் எண்ணில் 100 மட்டும் ஏற்றுங்கள். இலவசப் பயனருக்கு மூன்று மடங்கு அவருக்குக் கிடைக்கும், ஆனால் இலவசப் பயனரும் நகர்ந்துகொண்டே இருப்பார். கட்டண வேலை தீரும்வரை மற்றதைத் தொடாதே என்ற கறாரான முன்னுரிமை வேண்டாம். கட்டணக் கூட்டம் தொடர்ந்து இருக்கும் நாளில் இலவசப் பயனரின் வீடியோ ஒருபோதும் ஓடாது. அவர் காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்ப்பார், சுமைதான் கூடும்.

10. ஒருத்தரே பத்து அக்கவுன்ட் திறந்து ஏத்தினா?

ரேஷன் கடையில் பத்துக் கார்டோடு ஒருவர் நிற்கிற கதைதான். இரண்டு அடுக்குக் கணக்கு வையுங்கள். மேலே குழுக்களுக்கு ஓர் ஓட்டக் கணக்கு; குழுவுக்குள்ளே பயனர்களுக்கு ஒன்று. ஒரு நிறுவனத்தின் அத்தனை அக்கவுன்ட்டும் ஒரே குழு. புதிய, கட்டணமில்லாத அக்கவுன்ட்டுகள் எல்லாம் முதல் சில நாட்களுக்கு ஒரே குழு. பத்து திறந்தாலும் அந்தக் குழுவின் பங்கு கூடாது. அதற்குள்ளே மற்ற புதியவர்களின் பங்கு குறையும் என்பது உண்மை. அதைத் தொலைபேசி எண் சரிபார்ப்புப் போன்றவற்றால்தான் கட்டுப்படுத்த முடியும்.

ஐபி முகவரியைக் குழுவாக எடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் சம்பந்தமில்லாத ஏராளமானோர் இருப்பார்கள். கல்லூரி விடுதியிலும் அப்படியே.

11. ரெடிஸ், ராபிட்எம்க்யூ, எஸ்க்யூஎஸ்... எதை எடுக்கணும்?

இவை வேலை வரிசைக்குப் பயன்படும் தனிக் கருவிகள். பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே போதும். வீடியோ வேலை ஒவ்வொன்றும் பல நொடி ஓடுவது. 30 நொடி ஓடும் துண்டுகளோடு 400 வொர்க்கர் வைத்தாலும் நொடிக்கு 13 அல்லது 14 முறைதான் வேலை எடுக்கப்படும். அது டேட்டாபேஸுக்குச் சுமையே இல்லை.

இரண்டு டேபிள். பயனர் டேபிளில் அடையாளம், எடை, ஓட்டக் கணக்கு, காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. வேலை டேபிளில் பயனர், மதிப்பீடு, நிலை, முயற்சி எண், குத்தகை (வேலையை ஒரு வொர்க்கர் கையில் வைத்திருக்கலாம் என்ற கால அவகாசம்) முடியும் நேரம். வொர்க்கர் செய்வது இது: வேலை காத்திருக்கும் பயனர்களில் எண் மிகக் குறைவானவரின் வரியைப் பூட்டி எடுக்கும், ஏற்கெனவே பூட்டியிருந்தால் தாண்டி அடுத்தவரிடம் போகும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கும் ‘ஸ்கிப் லாக்டு’ இதற்குத்தான். பிறகு காத்திருக்கும் அவரது வேலைகளில் மிகப் பழையதை எடுத்து, நிலையை மாற்றி, செலவை ஏற்றி, கமிட் செய்யும் (மாற்றங்களை டேட்டாபேஸில் உறுதிசெய்யும்). என்கோடிங் தொடங்குவது கமிட்டுக்குப் பிறகு. என்கோடிங் முடியும்வரை டிரான்சாக்ஷனைத் திறந்தே வைத்தால் பூட்டு விலகாது, அந்தப் பயனரின் மற்ற வேலைகள் நிற்கும்.

அமேசான் எஸ்க்யூஎஸ் 2025-இல் நியாய வரிசை வசதியைச் சேர்த்தது. செய்தியோடு குழு அடையாளம் அனுப்பினால், ஒரு குழுவின் செய்திகள் அளவுக்கு மீறிச் செயலில் இருக்கும்போது மற்றக் குழுக்களை முன்னே தரும். எடையோ மெஷின் நொடியோ தேவைப்படாத இடத்தில் அது நல்ல தேர்வு.

12. ஒரு வொர்க்கர் ஓட்டிட்டிருக்கும்போதே இன்னொண்ணு அதே வீடியோவை எடுக்குது. ஏன்?

பதில் வரவில்லை, வொர்க்கர் செத்துவிட்டது என்று வரிசை முடிவு செய்கிறது. அப்படி முடிவு செய்யும்முன் காத்திருக்கும் நேரம் எஸ்க்யூஎஸ்ஸில் இயல்பாக 30 நொடி, அதிகபட்சம் 12 மணி. ராபிட்எம்க்யூவின் இயல்பு 30 நிமிடம். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் சேனலை மூடிச் செய்தியைத் திரும்ப வரிசையில் போடும். ரெடிஸோடு செலரி (பைத்தானில் வேலை வரிசை நடத்தும் கருவி) ஓட்டினால் 1 மணி. செலரியில் இன்னொன்று: வொர்க்கருக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் 4 வேலைகளை முன்கூட்டியே இழுத்து வைப்பது அதன் இயல்பு. கையில் இழுத்து வைத்த வேலைக்கு எந்த நியாயமும் பொருந்தாது. அதை 1 ஆக்குங்கள்.

நீண்ட நேரம் வைப்பதைவிட, குத்தகையை 90 நொடி வைத்து வொர்க்கரை 20 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். செத்தால் ஒன்றரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குத்தகை கைவிட்டுப் போனதைக் கண்ட வொர்க்கர் என்கோடிங்கை நிறுத்த வேண்டும். வெளியீட்டை முயற்சி எண் சேர்த்த தற்காலிக இடத்தில் எழுதி, நடப்பு முயற்சியாக இருந்தால் மட்டும் கடைசியில் வெளியிடுங்கள். அப்போது இரண்டு ஓடினாலும் ஒன்றுதான் பயனர் கண்ணில் படும்.

13. திரும்பத் திரும்பத் தோல்வியாகிற ஃபைலை என்ன செய்யறது?

3 முயற்சி, இடையில் 1 நிமிடம், 5 நிமிடம். பிறகு தனி வரிசைக்கு ஒதுக்கி, பயனருக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். வெளியேறும் குறி 137 என்றால் புராசஸ் கட்டாயமாகக் கொல்லப்பட்டது. பெரும்பாலும் நினைவகம் தீர்ந்திருக்கும். அதே மெஷினில் அதே அமைப்பில் மறுபடி ஓட்டிப் பயனில்லை. ஃபைல் கெட்டுப்போனதால் வீணான நொடிகள் பயனர் கணக்கில் நிற்கட்டும். இல்லையென்றால் உடைந்த ஃபைல்களாக ஏற்றுகிறவர் வரிசையை இலவசமாகத் தின்பார்.

14. ஒரே மெஷின்ல நாலு வொர்க்கர் போட்டா எல்லாமே மெதுவாகுதே?

வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரல், நாம் வரம்பு சொல்லாவிட்டால் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தப் பார்க்கும். நாலும் சேர்ந்து ஒன்றையொன்று தள்ளும். த்ரெட் எண்ணிக்கையை அளந்து போடுங்கள், கன்டெய்னரில் சிபியு வரம்பும் வையுங்கள். இதில் நியாயக் கணக்கும் அடிபடும். பக்கத்து வேலை இழுத்ததால் கூடிய நேரம் இவர் எண்ணில் ஏறும். முடிந்தால் கடிகார நொடிக்குப் பதில் சிபியு நொடியை ஏற்றுங்கள்.

15. பயனருக்கு ‘உங்கள் இடம் 57’ன்னு காட்டலாமா?

வேண்டாம். இந்த வரிசையில் புதிதாக வருகிறவர் ஒருவருக்கு முன்னால் போகலாம். 57 என்பது 60 ஆகும், பயனர் கோபப்படுவார். நேரத்தைச் சொல்லுங்கள். அவருடைய வேலையின் மெஷின் நொடியை இப்போது காத்திருக்கும் பயனர் எண்ணிக்கையால் பெருக்கி, வொர்க்கர் எண்ணிக்கையால் வகுங்கள். 600 நொடி வேலை, 6 பயனர், 4 வொர்க்கர்: 900 நொடி. ‘15 முதல் 20 நிமிடம்’ என்று காட்டுங்கள். எடை இருந்தால் தலை எண்ணிக்கைக்குப் பதில் எடைகளின் கூட்டுத்தொகையை அவர் எடையால் வகுத்துப் போடுங்கள்.

அதைவிட நன்மை தருவது, 360 அளவைத் தனி வேலையாக முதலில் முடித்து வெளியிடுவது. பயனருக்கு வேண்டியது வீடியோ ஓடுகிறது என்ற நிம்மதி. 1080 பிறகு வரலாம். இரண்டின் செலவும் அவர் எண்ணிலேயே ஏறட்டும்.

16. நியாயமா நடக்குதான்னு எப்படித் தெரியும்?

வேலைகளின் சராசரிக் காத்திருப்பைப் பார்த்தால் ஸ்டுடியோவின் 200 வேலைகள் மாணவியின் ஒன்றை மூழ்கடித்துவிடும். பயனருக்கு ஓர் எண் எடுத்து, அதன் நடுமதிப்பையும் 95-வது சதமானத்தையும் பாருங்கள். எண் எது? காத்திருப்பும் ஓட்டமும் சேர்ந்த நேரத்தை ஓட்ட நேரத்தால் வகுத்தது. 20 நொடி வேலை 60 நொடியில் முடிந்தால் 3.

பங்கைப் பார்க்க ஜெயின் குறியீடு உதவும். பயனர்களுக்குக் கிடைத்த நொடிகளின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, பயனர் எண்ணிக்கை பெருக்கல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நாலு பேருக்கும் சமம் என்றால் 1. ஒருவரே எடுத்தால் 0.25. அந்த நேரம் முழுக்க வேலை காத்திருந்த பயனர்களை மட்டும் இதில் சேருங்கள். 20 நொடியே தேவைப்பட்ட மாணவிக்கு 20 நொடி கிடைத்தது அநியாயம் இல்லை.

17. நியாய வரிசை போட்ட பிறகும் எல்லாருமே காத்திருக்காங்களே?

அப்படியென்றால் திறன் போதவில்லை. வரிசை இருப்பதைப் பங்கு போடும். புதிதாக எதையும் உண்டாக்காது. தற்செயலாக வேலை வரும் ஒற்றை வொர்க்கருக்கான எளிய கணக்கில், 80 சதவீதம் பிஸியாக இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு வேலை நேரத்தின் 4 மடங்கு, 90-இல் 9, 95-இல் 19. வொர்க்கர் பல இருந்தால் எண்கள் குறையும், வளைவின் போக்கு அதுவே.

மெஷின் சேர்ப்பதை வேலை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காத்திருக்கும் மொத்த மெஷின் நொடியை வொர்க்கர் எண்ணிக்கையால் வகுத்து, அது 10 நிமிடத்தைத் தாண்டினால் சேருங்கள். குறைக்கும்போது ‘இனிப் புதிய வேலை எடுக்காதே’ என்று மட்டும் சொல்லி, கையில் இருப்பது முடிந்ததும் அணையுங்கள். அமேசான் மலிவாகத் தந்து, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் ஸ்பாட் மெஷின்கள் பறிக்கப்படும்முன் 2 நிமிட முன்னறிவிப்பு வரும். 7-ஆம் பதிலில் சொன்ன, 30 நொடி ஓடும் துண்டு அதற்குள் முடிந்துவிடும். ஒரு மணி நேர விரிவுரை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.